சாய்கோடு

பினாங்கு. மாநாட்டின் மூன்றாம் நாள்,
பகல் உணவு முடிந்த கையோடு என் முறை.
சிற்றரங்கில் பதினான்கு பேர்;
நால்வர் மடிக்கணினிக்குப் பின்னால் உறங்குகிறார்கள்.
அமர்வுத் தலைவர் என் அட்டையைப் பார்த்து
"டாக்டர் பி" என்று அழைக்கிறார்.

இளவேனில் ஏ/பி சன்னாசியை,
இன்னார் மகள் என்று சொல்லும் அந்தச் சாய்கோட்டில்
வெட்டியிருக்கிறது பதிவுப் படிவம்.
குடும்பப் பெயர்: பி.

என் கட்டுரையும் அதுதான்:
இரண்டு பதிவுகள் ஒரே ஆளா, இல்லையா.
உதாரணத்துக்கு அப்பாவைக் கொண்டுவந்திருந்தேன்.
பிறப்புப் பத்திரத்தில் சன்னாசி,
அடையாள அட்டையில் சனாசி,
சேமநிதிக் கணக்கில் சின்னாசி.
முதல் இருவரும் ஒருவரே என்றது நிரல்.
மூன்றாமவர்
அறுபத்தொரு விழுக்காடு.
"அந்த அளவுக்கு அவரும் எனக்கு அப்பா" என்றேன்.
உறங்கியவர்களில் ஒருவர் சிரித்தார்.

காப்பி இயந்திரத்தருகே
ஐஸ்லாந்துக்காரி ஒருத்தி
தன் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்:
ஸ்டெய்னுன் கெட்டில்ஸ்டோ.
அதற்குமேல் கட்டத்தில் இடமில்லை.
"டோட்டிர் என்றால் மகள். அதைத்தான் அறுத்துவிட்டார்கள்."
"எனக்கு மிஞ்சியதே அதில் பாதிதான்" என்றேன்.

நிறைவு விருந்துக்குப் போகவில்லை.
நாசி கண்டார் கடையில்
நான்கு குழம்பும் ஒரே தட்டில் வெள்ளமாய் ஓட
அவள் விரலை நக்கினாள்.
பெயர் யாரும் கேட்கவில்லை.
எழுந்தபோது கல்லாக்காரர் கேட்டார்:
"ரெண்டு பேரும் ஒண்ணா, தனித்தனியா?"

அதைத்தான், அண்ணே,
மூன்று நாளாய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.