வலது காது

டாக்டர் அதைக் காது இரைச்சல் என்றார்.
எண்ணெய்க் கிணற்று மேடையில் இருபத்தெட்டு வருஷம்
டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்றவருக்கு
இதுகூட வராவிட்டால் எப்படி என்றார்.
படுத்தால் அதிகமாகிறதே.
எல்லோருக்கும் அப்படித்தான்.
ஓவீத் பாபினோ மாத்திரை சாப்பிட்டார்,
காப்பியை விட்டார், உப்பைக் குறைத்தார்.
இரண்டு கோடை அப்படியே போயிற்று.
மூன்றாவது ஜூனில்
கட்டிலுக்குப் பின்னாலிருந்த ப்ளக் பாயிண்டில்
தேன் கசிந்தது.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

லூசியானா வெயில். சைப்ரஸ் பலகை வீடு.
வெப்பக் கேமராவை உள்சுவரில் ஓட்டினேன்.
நீலமாய்க் கிடந்த சுவரில்
தலையணை உயரத்தில் தொடங்கி
கூரை வரைக்கும் ஆரஞ்சு,
ஓர் ஆள் நின்றுகொண்டே தூங்குவதுபோல.
"இவ்வளவு பக்கத்திலா?"

ஜிப்சம் பலகையைச் சதுரமாய் அறுத்து எடுத்தேன்.
இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே
ஏழு அடை, ஒவ்வொன்றும் என் கை நீளம்:
மேலே வெள்ளை மூடி போட்ட தேன்,
நடுவில் புழு வளரும் பழுப்பு,
அடியில் கறுத்துப்போன பழைய மெழுகு.
ஓவீத் பயப்படவில்லை.
ஏமாந்தவர்போல் கதவோரம் நின்றார்.
"என் தலையை ஸ்கேன் எடுத்தார்கள்," என்றார்.
"சுவரை யாரும் எடுக்கவில்லை."

வாக்குவம் குழாயால் மெல்ல மெல்ல இழுத்தேன்;
வேகம் கூடினால் இறக்கை போய்விடும்.
புழு அடைகளைச் சட்டத்தில் பொருத்தி
ரப்பர் பேண்ட் போட்டேன்.
ஒரு வாரத்தில் அவையே மெழுகால் ஒட்டிக்கொண்டு
ரப்பரைக் கடித்துத் துப்பிவிடும்.
ராணி அகப்படவில்லை. ஐந்தாவது அடை. ஆறாவது.
கடைசியில் மின்கம்பி மேல்
தனியாய் நடந்துகொண்டிருந்தாள்
சாவியைத் தொலைத்தவள் மாதிரி.
க்ளிப்பில் பிடித்துப் பெட்டிக்குள் வைத்ததும்
மற்றவை அதன் வாசலில்
பின்புறம் தூக்கி விசிறத் தொடங்கின:
இங்கே, இங்கே.

மெழுகைச் சுரண்டினேன், சோப்புத் தண்ணீரால் துடைத்தேன்.
வாசனை மிஞ்சினால் அடுத்த கூட்டம் வரும்.
பொந்தில் பஞ்சு திணித்து
வாக்குவத்தை அணைத்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.
பேசாதே என்று கை காட்டினார்.
ஏ.சி.யையும் நிறுத்தினார்.
பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின்
ஓயும்வரை காத்திருந்தார்.

"வலது காதில் இருந்தது போய்விட்டது.
இடது பக்கம் இன்னும் இருக்கிறது.
அது என்னுடையதுதான் போல."

பில்லை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இருட்டிய பிறகு பெட்டியை எடுக்க வந்தேன்.
மேயப் போய்த் தாமதமாய்த் திரும்பிய நாலைந்து
அடைத்த துளையில் முட்டிக்கொண்டிருந்தன.
ஓவீத் வெளியே நாற்காலி போட்டு
சுவரோரமாய் உட்கார்ந்திருந்தார்,
தலையை ஒரு பக்கம் சாய்த்து.
எந்தப் பக்கம் என்று
அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.