திரும்ப வழங்கப்படாதது

ஏழு இயந்திரம் இருந்தவரை
கஜீபன் தீவுகளின் பெயரை வைத்தான்.
வேலணை, அனலை, எழுவை, நெடுந்தீவு.
"புங்குடுதீவு படுத்திட்டுது, ஒருக்கா எழுப்புங்கோ"
என்று பலாலி வீதி மாடியிலிருந்து கத்துவோம்.
கீழே கொத்துக் கடைக்காரர்
தகட்டைத் தட்டுவதை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

எட்டாவது வந்தது. மண்டைதீவை வைத்து இரண்டு நாள் ஓட்டினோம்.
பிறகு ஒழுங்கைகள். பிறகு மாம்பழங்கள்.
விலாட்டும் கறுத்தக்கொழும்பானும்
ஒஸ்லோவில் ஒரு மீன் கம்பனிக்குக் கணக்கெழுதின.

நூறைத் தாண்டியதும் எண்.
நாற்பத்தேழை அழித்தோம்.
இடம் சும்மாதானே கிடக்கிறது என்று
புதியதொன்றுக்கு அதையே கொடுத்தேன்.
நான்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை
பழையதின் கடன்சீட்டு புதியதன் கதவைத் தட்டியது.
பழையதின் சாவிக்குப் புதியது திறந்தது.
பழையதைத் துடைக்கச் சொல்லி
எங்கோ வரிசையில் கிடந்த கட்டளை
பிந்தி வந்து
பிறந்து நாலு நாளானதைத் துடைத்துவிட்டுப் போனது.

கஜீபன் ஏசவில்லை.
"செத்ததின்ர நம்பரை உயிரோட இருக்கிறதுக்குக் குடுக்கக்கூடாது,
விளங்குதோ?"

எனக்கு விளங்கும்.
தொண்ணூற்றைந்தில், கொடிகாமத்தில்,
பள்ளிக்கூட மண்டபமொன்றில் காய்ச்சலோடு போனவள்
தர்மிகா. வயது இரண்டு.
தொண்ணூற்றேழில் பிறந்த நானும் தர்மிகா.
அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது.

அடையாள அட்டைக்குப் போனேன்.
"தகப்பன் ஒண்டு, தாய் ஒண்டு, பெயர் ஒண்டு, பிறப்பு ரெண்டு.
நீர் எந்தத் தர்மிகா?"
மரணப் பதிவு இல்லை.
அந்த மாதம் கந்தோர்களும் இடம்பெயர்ந்திருந்தன.
ஐந்து மாதம் அலைந்தேன்
என்னைவிட நாலு வயது மூத்த என்னை
அழிப்பதற்கு.

இப்போது ஒவ்வொன்றுக்கும் முப்பத்தாறு எழுத்து.
ஒன்பது, எஃப், மூன்று, சீ, பூச்சியம்...
தாயம் உருட்டியதுபோல் விழும்.
யாரும் ஆசைப்பட்டு வைத்ததல்ல.
சூரியன் அணைந்தாலும் இன்னொன்றுக்கு வராதாம்.
விதிக் கோப்பின் முதல் வரியில் எழுதினேன்:
அழித்த எண் மீண்டும் வழங்கப்படாது.
கீழே, தனிப் பத்தியில்: பெயர். விரும்பினால். திரும்ப வரலாம்.

"நம்பர் இருக்கேக்க பெயர் என்னத்துக்கு?"
என்றான் கஜீபன்.
வாயைத் திறக்குமுன்
திரையில் ஒரு மூலை சிவந்தது.
கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்:
"ஐயோ, புங்குடுதீவு!"