அயல்

இரவு இரண்டே காலுக்குக் கூட்டறிக்கை வந்தது.
ஒன்றரைப் பக்கம். இரண்டு கையெழுத்து.
"ஒளிவுமறைவின்றிப் பேசினர்" என்று தமிழில் எழுதினேன்.
மேசையைத் தட்டினார்கள் என்று பொருள்.
"ஆக்கபூர்வமான சந்திப்பு" என்றால்
யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.
"தொடர்ந்து பேச இணங்கினர்" –
விருந்தில் ஒரே மீனை
இரு பக்கமிருந்தும் கிள்ளியிருப்பார்கள்.
பதினேழு வருடமாக இந்த வேலை.
இந்த அகராதியை இன்னும் யாரும் அச்சிடவில்லை.

துவாஸுக்கு அப்பால்
இரண்டு படகுகள் மூன்று நாளாக
மூக்கோடு மூக்கு உரச நிற்கின்றன.

"நட்பு நாடு" என்று போடவா?
"இன்றைக்கு அண்டை போதும்" என்றார் தனசேகர்,
செய்தி ஆசிரியர், பிஸ்கட்டை நனைத்தபடி.
எனக்கு அயல் என்ற சொல்தான் வந்து நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறவனும் அயலான்,
முகமே தெரியாதவனும் அயலான்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இந்த மொழி எப்படித்தான் குடித்தனம் நடத்தியதோ.

மூன்றே முக்கால். நேசமலரின் குறுஞ்செய்தி:
பாலத்திலேயே நிற்கிறேன்.
மோட்டார் சைக்கிள் இருக்கையைக் கழற்றிப் பார்க்கிறார்கள்.
சோற்றுப் பாத்திரத்தையும்.
எந்தப் பக்கத்தார் என்று கேட்டேன்.
இரண்டு பக்கமும்.

ஸ்கூடாயிலிருந்து வருகிறாள், ஆறு மணிச் செய்தி வாசிக்க.
பாலத்தோரக் குழாய்களில் தண்ணீர்
அவளை முந்திக்கொண்டு வந்துவிடும்,
யாரும் திறந்து பார்க்காமல்.
கெட்டிலை நிரப்பினேன்.
எந்த ஊர்த் தண்ணீரோ, கொதித்தது.

"கடற்பாலத்தில் போக்குவரத்து வழக்கம்போல் நடைபெறுகிறது."
மாற்றக் கூடாத வரி.
முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஐந்து ஐம்பத்தாறுக்கு ஓடி வந்தாள்,
ஒற்றைக் காலுறை நனைந்து,
நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய தடம்.
தாளை நின்றபடியே ஒருமுறை பார்த்தாள்.
சிவப்பு விளக்கு எரிந்தது.

"கடற்பாலத்தில் போக்குவரத்து"
என்றவள் நிறுத்தினாள்.
ஒரு மூச்சு. அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தனசேகர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.
தீவு முழுக்கச் சமையலறைகளில்
அந்த மூச்சு கேட்டிருக்கும்,
யாராவது கவனித்திருந்தால்.

"வழக்கம்போல்" என்றாள்.

பிறகு பாத்திரத்தைத் திறந்தாள்.
புளிச்சோற்றின் நடுவே ஆழமாய் ஒரு குழி.
"குச்சி விட்டுப் பார்த்தார். பாவம், சின்னப் பையன்,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குத்தினான்."
குழியைச் சுற்றி வெட்டி எடுத்து
பாதியை என் தட்டில் தள்ளினாள்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
சொல்லவில்லை.