பதினொருவருக்கு ஒரு நொடி குறைவு

தேங்காப்பட்டணம் துறைமுகத்து டீசல் பங்கில்
ரசீது எழுதுகிறேன்.
ஆழக்கடலுக்குக் கிளம்பினால் நாற்பத்திரண்டு நாள் என்பார்கள்,
ஐஸும் அரிசியும் அவ்வளவுதான் தாங்கும்.
நாளை மணியாக்கி மணியை நொடியாக்கி
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் பெருக்கினேன்.
36,28,800.

எங்கோ பார்த்த முகம்.
பத்தை ஒன்பதால், வந்ததை எட்டால், அதை ஏழால்,
படி இறங்குவதுபோல ஒன்றுவரை பெருக்கினேன்.
அதே எண்.

தூத்தூர்க் குழாயடியில் பத்துக் குடம்.
நொடிக்கொரு வரிசையாய் மாற்றி அடுக்கினால்
எல்லா வரிசையும் தீர்கிற அன்று படகு வந்து சேரும்.
யார் மாற்ற விடுவார்?
ஸ்டெல்லாவின் குடத்தைத் தொட்டாலே சண்டை.

இருநூற்றெழுபது எண்கள் இதை மிச்சமில்லாமல் வகுக்கும்.
ஏழு பேர் போன படகா, சரி.
ஒன்பது, பத்து, பன்னிரண்டு,
பதினான்கு, பதினைந்து, பதினாறும் சரி.
பதினொன்றுக்கு ஆகாது.
பதிமூன்றுக்கும் ஆகாதுதான்,
பதிமூன்று பேர் ஏறிய படகில் எனக்கு யாருமில்லை.

'அமலோற்பவம்' படகில் பதினொரு பேர்.
ஸ்றாங்கு வியாகுலம்,
சமையலுக்கு ஏறின பொடியன் றோமன்ஸ்,
என் ததேயு,
இன்னும் எட்டு வீடு.
நொடிகளைப் பங்கு வைத்தால்
ஆளுக்கு மூன்று லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
மிச்சம் பத்து.
பத்து நொடிக்குப் பதினொரு கை.
ஒருத்தருக்கு இல்லை.
யாருக்கென்று எண் சொல்லாது.

முப்பத்தெட்டாம் நாள்
லட்சத்தீவுப் பக்கம் காற்று என்றது ரேடியோ.
வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்.
அவித்த மரச்சீனி தட்டிலேயே ஆறிப்போனது.

அன்று ராத்திரி ஒன்றைக் கூட்டினேன்.
36,28,801.
பதினொன்று உள்ளே போய் மிச்சமில்லாமல் வெளியே வந்தது.
ஆளுக்கு 3,29,891.
இதை இனி யாராவது பிரிக்க முடியுமா?
மூன்றால் தட்டினேன், ஏழால், பதிமூன்றால்.
ஐந்நூற்று எழுபத்தொன்றுவரை
நூற்றைந்து பகா எண்கள்.
நூற்றைந்து தடவையும் கால்குலேட்டரில்
புள்ளிக்குப் பின்னால் வால்.
விடிந்தபோது
பிளக்க முடியாத ஒரு பங்கு
பதினொரு பேருக்கும் கையில் இருந்தது.
அதை வைத்து அவர்கள் கடலில் என்ன செய்வார்கள் என்று
எனக்குத் தெரியவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள், கிளம்பின அதே மூன்று பத்துக்கு
சுவர்க்கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்தேன்.
கேனுக்கு அடித்த டீசல் வழிந்து
ஓர் ஆள் என்னை ஏசினான்.
முள் பன்னிரண்டைத் தாண்டி
இன்னொரு கோடு நகர்ந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.

படகு வந்தது நாற்பத்துநான்காம் நாள் கருக்கலில்,
பாய்மரம்போல் நின்ற கம்பம் ஒன்று முறிந்து,
தூண்டில் வளைவைச் சுற்றி, மெதுவாக.
குதித்து இறங்க இறங்க
விரலை நீட்டி எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.
ததேயு ஏழாவது.
கடைசியாக இறங்கின றோமன்ஸ் கேட்டான்:
"என்னக்கா எண்ணுதிய?"
ரசீதுக்கு, என்றேன்.