இடது கால்

ஐம்பத்திரண்டு சொற்கள்.
தாளின் ஓரத்தில் மிஷின் எண்ணெய்க் கறை.
எல்லாம் சொல்லிவிட்டால்
தையல் வரிசையிலிருந்து எழுந்து
தரம் பார்க்கும் மேசைக்குப் போகலாம்,
மாதம் பதினெட்டு டாலர் கூடுதல்.

காலர். கஃப். பிளாக்கெட்.
ஆறு வருடமாக என் கையைக் கேட்டிருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கும்.
நாக்குதான்
நேற்றுச் சேர்ந்த பெண் மாதிரி
நூல் கோக்கத் திணறுகிறது.

கருவாடு பொரித்தபடி மக்காரா கேள்வி கேட்பாள்.
"வாலை முழுங்காதே" என்பாள்.
கெமர் பேசி வளர்ந்த வாய் எனக்கு,
சொல்லின் கடைசி எழுத்து
தொண்டையிலேயே தங்கிவிடும்.
ஷர். ஸ்கர். கோ.
"ட்" என்று நான் துப்பத் துப்ப
பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

யோக் என்றால்
சட்டையின் முதுகில் தோளோடு வரும் துண்டு.
கைபேசி அகராதியைத் திறந்தால்
இரண்டு மாடுகள், கழுத்துக்குக் குறுக்கே நுகத்தடி.
"இதை மாட்டிக்கொண்டா
அவர்கள் தினமும் ஆபீஸ் போகிறார்கள்?"
மக்காரா சிரித்ததில்
கருவாடு கருகிவிட்டது.

டிஸ்ட்ரெஸ்ட் ஜீன்ஸ்.
அகராதி சொன்னது: மனம் உடைந்த.
முழங்காலில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவன்
பின்கட்டடத்து பொரேய்.
மாஸ்க்குக்கு மேலே
அவன் புருவமும் நீலம்.
மனம் உடைந்தது நாற்பது டாலர்,
உடையாதது இருபத்தைந்து.
இந்தச் சொல்லை மட்டும்
நான் படிக்கவே இல்லை,
தானாக நின்றுவிட்டது.

டிரவுசர்ஸ்தான் வம்பு.
ஒன்றைத் தூக்கிக் காட்டினாலும் பன்மை.
ஒரு ஜோடி என்று சொல்ல வேண்டுமாம்.
எந்த இரண்டு என்று கேட்டால்
தாளில் பதில் இல்லை.
நான் தைப்பது இடது கால்,
முழங்காலுக்குக் கீழே, உள் தையல்.
வலது சம்னாங்குடையது,
எனக்கு இரண்டு மிஷின் தள்ளி அவள்.
இரண்டும் ஒன்றாவது
வேறு யார் கையிலோ.
ஒற்றைக் காலுக்கு ஒருமையில் ஏதாவது இருக்குமா என்று
பட்டியலை இருமுறை மேலிருந்து கீழே தேடினேன்.
நாற்பத்தேழாவது சொல் பட்டன்ஹோல்.
அதற்கு அப்புறம் தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை தேர்வு.
நான் உடுத்துவது எப்போதும்
மேலும் கீழும் ஒரே பூப்போட்ட பைஜாமா.
அதில் போகாதே என்று
தன் கறுப்புக் கால்சட்டையைக் கொடுத்தாள் மக்காரா.
ஆலை வாசல் சந்தையில் வாங்கியது,
லேபிளை வெட்டி எறிந்த கழிவு உருப்படி.

ஏசி அறை. வாங்குபவர் தரப்பு ஆள்.
காலர் கேட்பார், கஃப் கேட்பார் என்று
நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.
அவர் சட்டை எதையும் தூக்கிக் காட்டவில்லை.
"நீ என்ன உடுத்தியிருக்கிறாய்?"

எ பேர் ஆஃப் டிரவுசர்ஸ்.
வால் விழாமல் வந்தது.
பிளாக், என்றேன்.
பிறகு
பட்டியலில் இல்லாத இரண்டு சொற்கள்
யார் அனுப்பியதோ,
வெளியே வந்து நின்றன.
நாட் மைன்.

அவர் பேனா நின்றது.
"குறை ஏதாவது உண்டா அதில்?"

குனிந்தேன்.
கண்ணுக்கு முன்னால் விரல் போய்விட்டது.
ஸ்கிப் ஸ்டிச். டூ.
லெஃப்ட் லெக். பிலோ நீ.

எழுதிக்கொண்டார்.
யார் தைத்தது என்று
அவர் கேட்கவில்லை.