எள்ளளவு

மே இருபத்தெட்டு. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
யூட்டாவில் இந்த ஆற்றுக்குப் பச்சை என்று பெயர்,
நிறமோ பால் தூக்கலாக விட்ட டீ.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
நேற்றுக் கட்டிய விளக்குப் பொறியை அவிழ்க்கிறேன்.
வெளிச்சத்தை நம்பி வந்தவை உள்ளே:
கொசுப்புழு, நீர்ப்பூச்சி, குழம்பிப்போன ஓர் அந்துப்பூச்சி.
பதினோரு இரவுகளாக இவைதான்.

மேலே, மைல்கணக்கில் தள்ளி,
மலைப்பனி உருகி அணைக்குப் பின்னால் நிற்கிறது.
முன்பெல்லாம் வெள்ளம் யாரையும் கேட்டு வந்ததில்லை.
இப்போது என் தொலைபேசிக்குக் காத்திருக்கிறது.
எள்ளளவு குஞ்சு ஒன்று கண்ணில் பட்டால் அழைப்பேன்,
அழைத்தால்தான் ட்வைட் மதகைத் திறப்பான்.

கூர்முதுகு மீன்.
கவிழ்த்த தோணியின் அடிமரம் போல
தலைக்குப் பின்னால் ஒரு கூன்.
வலையில் வருவதெல்லாம் கிழம்.
வருடம் தவறாமல் கூழாங்கல்லில் முட்டையிட்டும்
ஒரு பிள்ளையும் தங்காத நாற்பது வயதுகள்.
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் ஊர் மாதிரி ஆறு.

குற்றம் முட்டையில் இல்லை.
பொரித்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது,
ஆறு இழுத்த இழுப்புக்குப் போகும்.
கரை வழிந்து பரவிய வெள்ளம்
முன்பு அதை ஓரமாக ஒதுக்கி வைத்தது:
முழங்கால் ஆழம், வெதுவெதுப்பு,
வாய் திறந்தால் இரை.
நாங்கள் கரையை உயர்த்தினோம்.
ஆறு நேராகப் போயிற்று, குஞ்சுகளும்,
வந்தேறி மீன்களின் வாய்க்குள்.

வெர்லன் ஹாஸ்லம் தன் புல்வெளியின் தாழ்ந்த பாதியை
ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தார்.
கொடுத்தார் என்பது தப்பு. விற்றார்,
மூன்று தடவை விலை பேசி.
"மீனுக்காக இல்லை, அங்கே வைக்கோல் எப்படியும் அழுகும்."
கரையை வெட்டிய அன்று மட்டும்
மடக்கு நாற்காலி போட்டு மாலைவரை இருந்தார்,
கொசுவுக்காக என்னைத் திட்டிக்கொண்டே.

வெள்ளைத் தட்டில் ஊற்றுகிறேன்.
புழு. புழு. பூச்சி.
ஒரு நூல்.
நூலுக்கு இரண்டு கண்.

ஈர விரலைத் திரை அறிய மறுக்கிறது.
சட்டையில் துடைத்து, மறுபடி.
"எத்தனை?" தூக்கக் குரலில் ட்வைட்.
ஒன்று.
"ஒன்றா?"
ஒன்று.
அவன் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

செப்டம்பரில் வடிகாலில் கூண்டு வைத்து எண்ணுவோம்.
ஒரு வருடம் அறுநூறு. அடுத்த வருடம் சைபர்.
பனி பொய்த்த வருடம் கதவையே திறக்கவில்லை.
இந்த வருடத்தை இப்போதே கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் வெர்லனின் வேலியில்
கீழ்க்கம்பி தண்ணீருக்குள்.
மதகுக் கம்பிவலையில் பெரிய கெண்டைகள் முட்டிப் பார்க்கின்றன,
கண்ணி வழியே நூல்கள் மட்டும் போகின்றன,
போகின்றன என்று நம்புகிறேன், கலங்கல்.
போன வருடத்துத் தாளுக்குள் நீர் ஏறும் ஓசை.
வெடிப்புகளிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று.

"எங்கே அது?" என்கிறார் வெர்லன்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.
சாராயக் குப்பி, தேதி எழுதிய சீட்டு,
சான்றுக்காக வைத்துக்கொள்ள வேண்டிய முதல் குஞ்சு.
கண்ணாடியைக் கழற்றி, குப்பியைச் சூரியனுக்கு உயர்த்தி,
நெடுநேரம் பார்க்கிறார்.
கழுத்தில் உட்கார்ந்த கொசுவை
அடிக்கவில்லை.