உள்பக்க முடிச்சு

"பத்து வருசம் தாங்கும்" என்றார்
தங்கச்சிமடம் இரும்புக்கடை ராயப்பன்.
உப்புக்காற்று அவர் பில்லைப் படிக்கவில்லை.
இரண்டாவது ஐப்பசி முடிந்து
கம்பிவலையை விரலால் அழுத்தினேன்,
அப்பளம்.

அந்த ஓட்டை வழியாகத்தான்
கொண்டைச் சேவலும் இரண்டு விடைகளும்
கீரிக்குப் போயின.

தடைக்காலம். இன்னாசி வீட்டில்தான் இருக்கிறார்,
அதாவது வேப்பமரத்தடிச் சீட்டில்.
நானே உட்கார்ந்தேன்.
புது வலை. அதன்மேல் கிழிந்த நண்டுவலை, இரட்டையாய்.
உடங்கம்புக்கு உடங்கம்பு
தூண்டில் நரம்பால் மூன்று சுற்று, ஒரு முறுக்கு.
கீரி பறிக்குமென்று ஒரு சாண் பள்ளம் எடுத்தேன்,
மணல் சரிந்தது.
மறுபடி எடுத்தேன், மறுபடி.
பிறகு வலையின் அடியை வெளிப்பக்கம் படுக்கவிட்டு
மேலே பழைய நங்கூரக்கல் வைத்தேன்.

கடைசி முடிச்சை உள்ளிருந்து போட்டு
பல்லால் நரம்பை அறுத்து நிமிர்ந்தால்
கதவுக்கு விட்ட இடம் எங்கே?

கட்டிங்பிளேயர் வெளியே.
கைபேசி வெளியே, சாக்கின்மேல் அலறிக்கொண்டு.
குருணை போட்டவள் ஏன் இன்னும் போகவில்லையென்று
ஐந்து கோழிகளும்
ஒற்றைக் கண்ணால் பார்த்தன.

அப்போது வந்தது,
அவசரமே இல்லாமல்.
மூலையை மோந்தது. கல்லை நெட்டியது.
முன்னங்காலால் ஒரு கண்ணியை இழுத்தது.
நரம்பு டிங்கென்றது.
என் முடிச்சு ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து
முழுச் சுற்று வந்து
கருவைக்குள் போனது.

பல்லால் கடித்தால் போதும், வெளியே வரலாம்.
மனசு வரவில்லை.

"டெல்பினா" என்று கத்தினேன் பக்கத்து வீட்டுக்கு,
"வந்து பாரு சீக்கிரம்!
கத்தி அப்புறம் கேக்குறேன்."